சிவப்புக் கட்டை

அத்தியாயம் 17

கன்னத்தில் அறை விழுந்து ஐந்து நாளாகியும் திருகாணியின் இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை.

நான்கு சுவருக்குள் வாங்கிய அடி என்றால் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடலாம். இது ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸுகளும் நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, சொந்த அண்ணன் கையால் வாங்கியது. "என் தம்பியைக் கொன்னுட்டியேடி, பாவி!" என்று கத்திக்கொண்டே அடித்தான்.

தம்பி சாகவில்லை. இடுப்பு நொறுங்கி, தலை முழுக்கக் கட்டோடு, நினைவு தப்பிக் கிடந்தான். அந்தத் திருத்தத்தை அந்த நேரத்தில் அண்ணனிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடியைவிட அதுதான் திருகாணியை ஐந்து நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

திருகாணி என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். மற்றப் பெண் குழந்தைகள் பொம்மை கேட்டு அழுத வயதில் இவள் ஸ்குரூ கேட்டு அழுதாளாம். இப்போது வயது முப்பத்தாறு. வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருக்கும் குடும்பப் பட்டறையில் பழைய பந்தயக் கார்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். அண்ணன் ஓட்டுவான், தம்பி ஓட்டுவான், இவள் கீழே படுத்துக்கொண்டு திருகுவாள். பரிசு வாங்கும்போது மேடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் நடந்தது இதுதான். கார், அப்பா விட்டுப்போன மூக்கி. ஐம்பது வயது தாண்டிய, நீள மூக்குக்காரி. முதல் மூன்று சுற்றை அண்ணன் ஓட்டினான். பிறகு இறங்கி, "தோள் பிடிச்சுக்கிச்சு, நீ ஓட்டுடா" என்று தம்பியைக் கூப்பிட்டான். தம்பி சிரித்துக்கொண்டே ஏறினான். நேர்ப்பாதையின் முடிவில், வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தான். இடது முன் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு புகைந்தது. கார் வலது பக்கம் வெட்டி, பக்கவாட்டாகக் கான்கிரீட் சுவரில் போய் அறைந்தது. முன்பக்கம் தப்பியது, ஓட்டுபவன் உட்காரும் இடம்தான் கசங்கிய காகிதமாயிற்று. வெல்டர் வந்து இரும்பை அறுத்துத்தான் தம்பியை வெளியே எடுத்தார். தம்பியின் அலறல் பாதியிலேயே நின்றுபோனது.

"முன்பக்க உயரத்தை வெச்சது யாரு?" என்று அண்ணன் அங்கேயே கேட்டான்.

வைத்தது திருகாணி. ஸ்பிரிங்கின் அடியில் மரை போட்ட ஒரு வளையம் இருக்கிறது. அதைக் கொக்கி ஸ்பேனரால் திருகினால் காரின் முன்பக்கம் ஏறும், இறங்கும். இடதும் வலதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால், ஒரு கால் குட்டையான நாற்காலி கதைதான். தாழ்ந்த சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும், தரையில் பிடிப்பு இருக்காது. பிரேக் போட்டதும் அதுதான் முதலில் வழுக்கும். கார் எதிர்ப் பக்கம் பாயும்.

ஞாயிற்றுக்கிழமை கார் அப்படித்தான் பாய்ந்தது. அப்படியானால் இடது பக்கம் தாழ்ந்திருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் சரியாக வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. என் கையா அவனை உடைத்தது? ஐந்து நாளாக அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் அறைக் கதவு தட்டப்பட்டது. அண்ணி நின்றிருந்தாள். கையில் பட்டறைச் சாவி.

அண்ணி பேசுகிற ரகம் இல்லை. பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் அவள் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு நோட்டில் பாதி மிச்சமிருக்கும். வலது புருவத்துக்கு மேலே மூன்று வாரத் தழும்பு, ஐந்து தையல். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது.

"அவர் டயர் கடைக்குப் போயிருக்காரு. பன்னெண்டு மணிக்கு வெளியாள் மெக்கானிக் ஒருத்தன் வரான். ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு மூக்கியை மறுபடியும் இறக்கப் போறாராம்."

"தம்பி அங்கே அப்படிக் கிடக்கும்போதா?"

"தம்பி பேருக்காக ஓட்டப் போறாராம். பத்திரிகைக்காரங்ககிட்டகூடச் சொல்லிட்டாரு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அது இருக்கட்டும். மெக்கானிக்கிட்ட போன்ல ஒண்ணு சொன்னாரு. அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"என்ன சொன்னான்?"

"'முன்பக்க உயரத்தைக் கட்டையால பார்க்க வேண்டாம். டேப் எடுத்துட்டு வாங்க'ன்னு சொன்னாரு."

திருகாணிக்குச் சுருக்கென்றது. அவள் அண்ணியின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வெளியாருக்கு இது புரியாது. மற்றவர்கள் முன்பக்க உயரத்தை டேப்பால் அளப்பார்கள். இந்தக் குடும்பத்தில் டேப் என்றாலே கெட்ட வார்த்தை. டேப்பின் கொக்கி வளையும், பார்க்கிற கண் சாயும், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். அதனால் அப்பா ஒரே பலகையிலிருந்து இரண்டு கட்டை அறுத்தார். இரண்டுக்கும் உயரம் நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர். காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே கட்டையைத் தள்ள வேண்டும். உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடித்தால் கார் தாழ்வு. ஆடினால் உயரம். எண்ணே வேண்டாம்.

இடது பக்கத்துக்குச் சிவப்புக் கட்டை, வலது பக்கத்துக்குப் பச்சைக் கட்டை. சிவப்பு இடது சுவரின் ஆணியில், பச்சை வலது சுவரின் ஆணியில். ஒன்று இருக்கும் இடத்துக்கு மற்றது போகவே கூடாது. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்தி வீடுகள்கூட இத்தனை ஒழுங்காக முகம் பார்க்காமல் இருந்ததில்லை. அப்பா போன பிறகும் வழக்கம் மாறவில்லை. ஒருமுறை ஒரு ஆள் மூக்கிக்கு அடியில் டேப்பை நீட்டியபோது அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து வாசலில் தள்ளினான்.

அந்த அண்ணன் இப்போது டேப் கேட்கிறான்!

பட்டறையில் மூக்கி புதுத் தகரமும் வெல்டிங் கருக்குமாக நின்றிருந்தாள். ஓட்டுபவனின் எடைக்காகச் சீட்டில் வைக்கும் மணல் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. அண்ணனுக்கு ஏழு, தம்பிக்கு ஐந்து. 

அவள் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தாள். சிவப்பையும் பச்சையையும் கழற்றி, சமதள இரும்பு மேஜையின்மேல் அருகருகே வைத்தாள். விரலை ஓட்டினாள்.

விரல் படி இறங்கியது.

"கடவுளே!"

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தாள். பச்சை நூற்றுப் பதினான்கு. சிவப்பு நூற்று ஆறு.

எட்டு மில்லிமீட்டர்.

சிவப்பைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. யாரோ இழைப்புளி போட்டு இழைத்து, புது மரம் தெரியாமல் இருக்கப் பழைய ஆயிலைத் தடவியிருந்தார்கள். அந்தக் குட்டைக் கட்டையை நம்பித்தான் அவள் இடது பக்கத்தை எட்டு மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்திருக்கிறாள். வளையம் வழக்கத்தைவிடக் கீழே நின்றதைக் கவனிக்காமல் இல்லை. அந்த வாரம்தான் புது ஸ்பிரிங் போட்டார்கள், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு கட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தம்பி இந்நேரம் அங்கே கிடக்கமாட்டான். தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

உறுதி செய்துகொள்ளாமல் விடக்கூடாது. காரின் முன்பக்கத்தைத் திருகு ஜாக்கால் தூக்கினாள். பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தாள். இடது சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தாள். வளையத்தில் அவள் வைத்த வெள்ளைப் பெயிண்ட் கோடு அசையாமல் அப்படியே இருந்தது. அவளுக்குப் பிறகு வேறு யாரும் அதைத் தொடவில்லை. அவள் கை தவறவில்லை. அவள் கையில் கொடுத்த அளவுதான் தவறு.

"யாரு அண்ணி இதை இழைச்சது?"

அண்ணி பதில் சொல்லாமல் இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சின்மேல், விரல் நீளத்துக்கு ஒரு மரச் சிம்பு. ஒரு பக்கம் சிவப்புப் பெயிண்ட். மறு பக்கத்திலும் சிவப்புதான், ஆனால் காய்ந்து கறுத்த சிவப்பு.

"என் புருவத்துக்குள்ள இருந்து டாக்டர் எடுத்தது. வேணுமான்னு கேட்டாரு. குடுங்கன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன்."

திருகாணி சிவப்புக் கட்டையைச் சிம்பின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். அதே பெயிண்ட்.

"அன்னைக்கு மத்தியானம் இவருக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். தெரியாத்தனமா ஒண்ணு சொல்லிட்டேன். 'தம்பி உங்களைவிட ரெண்டு செகண்ட் வேகமா வந்தாராமே'ன்னேன். அவ்வளவுதான். சுவத்துல இருந்ததை உருவி எறிஞ்சாரு. என் மண்டையில பட்டு, அந்த வேகத்துல இரும்பு அலமாரியில போய் மோதிச்சு. அடிப்பக்கம் பட்டையாப் பேந்துடுச்சு. நான் ரத்தத்தோட உக்கார்ந்திருக்கேன், இவர் முதல்ல தூக்கினது கட்டையை. அப்புறம்தான் என்னை."

"ரத்தக் கறையும் உடைஞ்சதும் தெரியக்கூடாதுன்னு இழைச்சிருக்கான்."

"ராத்திரி முழுக்க இழைப்புளிச் சத்தம் கேட்டுச்சு. நான் ஏன்னு கேக்கலை. கேட்டிருக்கணும்."

அண்ணி அழவில்லை. திருகாணிக்குத்தான் அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோழை, முட்டாள். பெண்டாட்டியை அடித்ததை மறைக்கப்போய் தம்பியை முடமாக்கிவிட்டான். பழியை என் தலையில் போட்டான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. இன்னமும் அவன் பக்கம் ஒரு சின்ன நியாயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள் அந்தப் பைத்தியக்காரி.

ஷட்டர் படீரென்று மேலே போனது.

அண்ணன்தான். மெக்கானிக் வருவதற்குள் அந்தக் கட்டையை ஒழித்துவிடலாம் என்று கால் மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தான். பார்வை வெற்று ஆணிக்குப் போனது. பிறகு திருகாணியின் கையிலிருந்த சிவப்புக் கட்டைக்கு. பிறகு தீப்பெட்டிக்கு. ஷட்டரைத் திரும்ப இழுத்து மூடினான். கொண்டி விழுந்தது.

"யாருடி இவளுக்குச் சாவி குடுத்தது?"

"நான்தாங்க."

அடுத்த நொடி அண்ணியின் தலைமுடி அவன் பிடியில் இருந்தது. அப்படியே இழுத்து இரும்பு அலமாரியில் மோதினான். ஒருமுறை, இரண்டுமுறை. பழைய தையல் பிரிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. தீப்பெட்டி கீழே விழுந்தது. பூட்ஸ் காலால் அதை மிதித்து, சிகரெட்டை அணைப்பதுபோல் திருகினான். சிம்பு தூள்தூளாயிற்று.

"விடுடா அவங்களை!"

திருகாணி வாழ்க்கையில் முதல்முறையாக அவனை 'டா' போட்டாள். கொக்கி ஸ்பேனரை எடுத்து அவன் தோளில் வீசினாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அண்ணியை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினான். அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

முதல் குத்து அவள் வாயில் விழுந்தது. கீழ்ப்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது வயிற்றில். மூச்சு நின்று, தம்பியின் மணல் மூட்டைகள்மேல் போய் விழுந்தாள். கையிலிருந்த கட்டை நழுவித் தரையில் சறுக்கி, தூக்கி வைத்த காரின் அடியில் போய் நின்றது.

"எனக்கே பாடம் எடுக்கறியா? அப்பன் செல்லம் குடுத்துக் கெடுத்த கழுதை!" ஓங்கி உதைத்தான். அவள் உருண்டாள். குறி தவறிய கால் இரும்பு ஸ்டாண்டில் பட்டது. ஸ்டாண்டு பிடுங்கிக்கொண்டு கவிழ்ந்தது. மூக்கி ஒரு விரற்கடை இறங்கி, கிறீச்சிட்டு, வெறும் ஜாக்கின்மேல் தொங்கினாள்.

வேறு யாராக இருந்தாலும் பத்தடி தள்ளி ஓடியிருப்பார்கள். அவன் கண்ணுக்குக் கட்டை மட்டும்தான் தெரிந்தது. சிம்பு போயிற்று, இது ஒன்று போய்விட்டால் உலகத்தில் சாட்சியே இல்லை. தரையில் குப்புற விழுந்து, வலது கையைத் தோள்வரைக்கும் அடிச்சட்டத்துக்குக் கீழே விட்டான். விரல்கள் கட்டையை மூடிப் பிடித்தன.

"கிடைச்சுது" என்று சிரித்தான்.

ஜாக்கின் பக்கத்தில் அண்ணி மண்டியிட்டிருந்தாள். எப்போது அங்கே போனாள் என்று திருகாணிக்குத் தெரியாது. முகத்தில் பாதி சிவப்பு. இரண்டு கையாலும் ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரே மூச்சில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

அடிச்சட்டம் இறங்கி, கட்டையைப் பிடித்திருந்த கையின்மேல் உட்கார்ந்தது.

அவன் போட்ட அலறல் பட்டறைத் தகரத்தில் எல்லாம் அதிர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக முறிவதைத் திருகாணி காதால் கேட்டாள். கால்களை உதறினான், இடது கையால் தரையை அறைந்தான். கை வரவில்லை.

"அண்ணி! வேண்டாம் அண்ணி, ஏத்துங்க!" திருகாணி ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தவழ்ந்து போனாள்.

"நீ நகரு" என்றாள் அண்ணி. இத்தனை நிதானமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "சாப்பாட்டுக் கூடையோட நின்னு நின்னு பதினோரு வருஷமா இந்த ஜாக்கைப் பார்த்திருக்கேன். எந்தப் பக்கம் சுத்தினா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். இன்னும் நாலு சுத்து மிச்சமிருக்கு. இவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுடி, கேட்டுத் தொலை! ஐயோ, கை!"

"மூணு சுத்து நீங்கதான் முதல்ல ஓட்டினீங்க. அப்ப கார் இழுக்கலையா?"

தவழ்ந்துகொண்டிருந்த திருகாணி அப்படியே நின்றாள். ஐந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு இது தோன்றவே இல்லை. ஜாக்கை நோக்கி நீட்டிய கையை அவள் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"எனக்கு... எனக்குத் தோள் வலி..."

கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. இந்த முறை அலறல்கூட முழுதாக வரவில்லை.

"இழுத்துச்சு! இழுத்துச்சுடி! பிரேக் போட்டா வலது பக்கம் இழுத்துச்சு! மூணாவது சுத்துல நானே சுவத்துக்குக் கிட்டப் போயிட்டேன். கட்டைதான் காரணம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் தம்பியை ஏத்தினியா?" இது திருகாணி.

"சாகட்டும்னு நினைக்கலை. சத்தியமா நினைக்கலை. அவனும் ஒருதரம் தடுமாறட்டும். எல்லார் முன்னாடியும் சறுக்கட்டும். அந்த ரெண்டு செகண்ட் திமிரு அடங்கட்டும்னுதான்..." அவன் தரையில் முகத்தை வைத்து விசும்பினான். "அவன் அத்தனை வேகமாப் போவான்னு நான் கண்டேனா?"

 திருகாணிக்குப் பாரம் இறங்கிய நிம்மதி ஒரு பக்கம், வெறுப்பு ஒரு பக்கம். என் கை இல்லை. என் கை இல்லவே இல்லை. அதைச் சந்தோஷமாக நினைக்கக்கூட முடியாதபடி இந்தப் படுபாவி பண்ணிவிட்டான். அண்ணியிடமிருந்து கைப்பிடியைப் பிடுங்கி மிச்ச நாலு சுற்றையும் தானே சுற்றிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பார்த்து அவளே பயந்தாள்.

"எல்லாத்தையும் கேட்டேன்."

மாடிப்படிக் கதவருகே அம்மா நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரிப் பை, ஃபிளாஸ்க். ஓடி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"அம்மா!" அண்ணன் கதறினான். "அம்மா, ஏத்தச் சொல்லும்மா! கொல்றாளுங்கம்மா!"

அம்மா அவனைப் பார்க்கவில்லை. நேராகத் திருகாணியிடம் வந்தாள். புடவைத் தலைப்பால் அவள் வாயை ஒற்றினாள். ஐந்து நாளாகத் திரும்பியிருந்த முகம் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. வாயை ஒற்றிய அந்தக் கையே போதும் என்று இவளுக்கு இருந்தது.

பிறகு அம்மா தரையில் கிடந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை தரம் உனக்குப் போன் பண்ணினேன். ஏன்டா எடுக்கலை?"

"அம்மா... கைம்மா..."

"உன் தம்பி பத்து மணிக்குக் கண்ணு முழிச்சான்."

அண்ணன் தரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"நான் யாருன்னு தெரியுதாடான்னு கேட்டேன். தலையை ஆட்டினான். தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னான். வாயைத் திறந்து முதமுதல்ல என்ன சொன்னான் தெரியுமா?" அம்மாவின் குரல் உடையவில்லை, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "'அம்மா, அண்ணனை அந்தக் கார்ல ஏற விடாதே. பிரேக் போட்டா வலது பக்கம் இழுக்குது. அண்ணன் செத்துடுவான்'னு சொன்னான். நாலு தரம் சொன்னான். உன்னைக் காப்பாத்தணும்னு சொல்லித்தான் என்னை இங்கே விரட்டினான். அதுக்காகத்தான்டா வண்டி பிடிச்சு ஓடி வந்தேன்."

அண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது.  விரல்கள் முறிந்தபோது வராத நிறம் இப்போது அவன் முகத்தில் வந்தது.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"சார்! நான்தான் சார், மெக்கானிக்! டேப் கொண்டாந்திருக்கேன். திறங்க சார்!"

 அம்மா ஆஸ்பத்திரிப் பையைக் கீழே வைத்தாள். அண்ணியின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்தப் பக்கம் சுத்தினா இது ஏறும், எந்தப் பக்கம் சுத்தினா இறங்கும்? ரெண்டையும் சொல்லு."